நோயாளியாகாமலே இறந்தவர்கள்

இதய நோய் நிபுணர்கள் நடத்தும் கருத்தரங்குகளுக்கு என்னையும் அவ்வப்போது பேச அழைப்பார்கள். யாருக்குத் திடீர் மரணம் வரும் வாய்ப்பு அதிகம் என்று திரையில் படிப்படியாகக் காட்டுவார்கள். மேல்படியில், ஒருமுறை இதயம் நின்றுபோய்ப் பிழைத்தவர்களும், மாரடைப்பில் இதயத் தசையின் பெரும்பகுதியை இழந்தவர்களும் இருப்பார்கள். கீழே இறங்க இறங்க ஆபத்து குறையும். கடைசிப் படியில், எந்த நோயும் இருப்பதாகத் தெரியாத பொதுமக்கள். அந்தப் படத்தில் தப்பில்லை. ஆனால் முப்பது ஆண்டுகளுக்கு மேல் அரசு மருத்துவக் கல்லூரிகளில் தடயவியல் மருத்துவத் துறையில் வேலை பார்த்தவள் நான். திடீர் மரணம் என்று என் மேசைக்கு வந்தவர்கள் பெரும்பாலும் அந்தக் கடைசிப் படிக்காரர்கள்தான்.

டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தபடியே சரிந்தவர், பேருந்து நிலையத்தில் பையை இறக்கி வைத்துவிட்டு விழுந்தவர், லாட்ஜ் அறையில் காலையில் கதவைத் திறக்காதவர், வயலுக்கு மோட்டார் போடப் போய்த் திரும்பாதவர். சட்டைப் பையில் பீடிக்கட்டு இருக்கும், வண்டிச் சாவி இருக்கும், மகள் கல்யாணப் பத்திரிகைகூட இருந்திருக்கிறது. மாத்திரைச் சீட்டோ ஈ.சி.ஜி. தாளோ அநேகமாக இருக்காது. இப்படி இறப்பவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு இதய நோயின் முதல் அடையாளமே மரணம்தான் என்று பாடப்புத்தகங்கள் சொல்கின்றன. நான் பார்த்த வரையில் பாதியைவிட அதிகம். அதற்குக் காரணம் உண்டு: நோய் தெரிந்தவர் இறந்தால் அவருக்கு வைத்தியம் பார்த்த டாக்டரே சான்றிதழ் எழுதிவிடுவார், உடல் எங்களிடம் வராது.

மேல்படிக்காரர்களுக்கு ஆபத்து பல மடங்கு என்றாலும் அந்தப் படியில் நிற்பவர்கள் கொஞ்சம் பேர். கடைசிப் படியில் ஊரே நிற்கிறது. மேலை நாடுகளில் முப்பத்தைந்து வயதைத் தாண்டியவர்களில் ஆண்டுக்கு ஏறத்தாழ ஆயிரத்தில் ஒருவர் இப்படிப் போகிறார். ஆயிரத்தில் ஒன்று என்பது தனிமனிதருக்குச் சின்ன ஆபத்து. ஒரு மாவட்டத்துக்கு அது சின்னக் கணக்கே இல்லை. மயாமியில் இருந்த ராபர்ட் மயர்பர்க் என்ற இதய மருத்துவர் பல ஆண்டுகளுக்கு முன்பே இதைத் தெளிவாக எழுதினார். ஆபத்து மிகுந்தவர்களை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால், இறக்கப் போகிறவர்களில் பெரும்பாலோர் நம் கண்ணில் படவே மாட்டார்கள். கருத்தரங்கில் இதைக் கேட்கிறவர்கள் தலையாட்டுவார்கள். பிணவறையில் பத்து நாள் நின்றால் தலையாட்ட வேண்டிய அவசியம் இருக்காது.

ஆனால் பிணவறையும் முழு உண்மையைக் காட்டாது. எந்த உடல் எங்களிடம் வரும் என்பதைத் தீர்மானிப்பது சட்டம். தற்கொலை, விபத்து, கொலை, சந்தேக மரணம் என்றால் போலீஸ் விசாரணை நடத்தி பிரேதப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் அது 174-ஆவது பிரிவு. 2024 ஜூலை முதல் புதிய சட்டத்தில் 194. தெருவில் விழுந்தவருக்கு என்ன ஆனது என்று யாருக்கும் தெரியாது, அதனால் ‘சந்தேக மரணம்’ என்று பதிந்து ஏட்டு ஒருவர் உடலோடு வருவார். அதே மனிதர் அதே நிமிடம் தன் வீட்டுத் திண்ணையில் விழுந்திருந்தால்? அழுது முடித்து, சாயங்காலத்துக்குள் எடுத்துவிடுவார்கள். மறுநாள் கிராம நிர்வாக அலுவலரிடம் போய்ப் பதிவார்கள். காரணம் என்ற கட்டத்தில் ‘மாரடைப்பு’ என்று ஒரு சொல் விழும். அல்லது ‘வயது மூப்பு’. ஆகவே நாங்கள் பார்த்ததெல்லாம் வீட்டுக்கு வெளியே சாகும்படி நேர்ந்தவர்களை: ஓட்டுநர்களை, கூலிக்காரர்களை, வியாபாரத்துக்கு ஊர் ஊராகப் போகிறவர்களை, ஆண்களை. வீட்டுக்குள்ளேயே இறந்த பெண்கள் எங்கள் புத்தகத்தில் மிகக் குறைவு. பெண்களுக்கு இது குறைவாக வருகிறது என்பது உண்மைதான். ஆனால் எங்கள் பதிவேட்டில் தெரிந்த அளவுக்குக் குறைவு இல்லை.

இந்தியாவில் பதிவுபெற்ற முதல் பிரேதப் பரிசோதனையே ஒரு திடீர் மரணத்துக்காக நடந்ததுதான். 1693-இல், சென்னை ஜார்ஜ் கோட்டையில், எட்வர்ட் பல்க்லி என்ற மருத்துவர் கம்பெனி அதிகாரி ஒருவரின் உடலை ஆராய்ந்தார். விஷமோ என்று சந்தேகம். முந்நூறு ஆண்டுகள் கழித்து எங்களிடம் வந்த ஏட்டுகளும் அதே கேள்வியைத்தான் கேட்டார்கள். “மேடம், ஏதாவது குடுத்திருப்பாங்களா?” நன்றாக இருந்த மனிதன் சும்மா செத்தான் என்பதை யார் மனமும் ஏற்பதில்லை. மாமியார் வீட்டில் சாப்பிட்டார், பங்காளியோடு வாய்த்தகராறு, முந்தின நாள் புது இடத்தில் குடித்தார் என்று ஏதாவது ஒன்று கையில் இருக்கும். அதனால் வயிறு, ஈரல், சிறுநீரகம், ரத்தம் எல்லாம் ரசாயனப் பகுப்பாய்வுக்குப் போகும். அறிக்கை வரும்வரை எங்கள் இறுதிக் கருத்து நிலுவையில் நிற்கும். அதுவரை குடும்பத்துக்குள் நடக்கும் சண்டைக்கு அளவிருக்காது. ஒரு மருமகள் ஊரைவிட்டே போக வேண்டிவந்தது. அவள் மாமனாரின் இதயத்தில் இடப்பக்கம் இறங்கும் பெரிய ரத்தக்குழாயில் குண்டூசி நுழையவும் இடமில்லை.

அதை எப்படிப் பார்ப்போம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இதயத்தை வெளியே எடுத்து, உள்ளிருக்கும் ரத்தக்கட்டிகளைக் கழுவி, எடை பார்ப்போம். வளர்ந்த ஆணுக்கு முந்நூறு கிராம் அளவில் இருக்கும். நானூறு என்று தராசு காட்டினால் அநேகமாக அந்த மனிதருக்கு ரத்த அழுத்தம் பல ஆண்டுகள் கவனிக்கப்படாமல் இருந்தது என்று எழுதி வைத்துக்கொள்ளலாம். பிறகு இதயத்துக்கு ரத்தம் கொடுக்கும் குழாய்கள். மூன்று நான்கு மில்லிமீட்டர் அகலம்தான். சின்னக் கத்தரியை உள்ளே விட்டு நீளவாக்கில் கிழித்துக்கொண்டு போவதைத்தான் என் காலத்தில் முதலில் கற்றுக்கொடுத்தார்கள். அப்படிக் கிழித்தால் உள்ளே இருக்கும் ரத்தக்கட்டியைக் கத்தரி முனையே தள்ளிக்கொண்டு போய்விடும். குறுக்கே, மூன்று மில்லிமீட்டருக்கு ஒரு வெட்டாக, முருங்கைக்காய் நறுக்குவது போல வெட்டிக்கொண்டே வர வேண்டும். ஒவ்வொரு வெட்டிலும் துளை எவ்வளவு திறந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். சுண்ணாம்பு படிந்த குழாயில் கத்தி பட்டால் ‘நற’வென்று சத்தம் கேட்கும், கையிலும் தெரியும். துளையில் முக்கால் பாகத்துக்கு மேல் மஞ்சள் கொழுப்பு அடைத்திருந்தால், வேறு காரணம் எதுவும் கிடைக்காதபட்சத்தில், அதுவே மரணத்துக்குப் போதுமான காரணம். சில சமயம் அந்த மீதித் துளையையும் அடைத்துக்கொண்டு செம்பழுப்பு நிறத்தில் ஒரு சின்னக் கட்டி உட்கார்ந்திருக்கும். அரிசிமணி அளவுதான். ஆறடி ஆளைச் சாய்த்தது அது.

மாணவர்கள் ஒவ்வொரு ஆண்டும் தவறாமல் கேட்கும் கேள்வி: “மேடம், மாரடைப்புன்னா இதயத் தசை கெட்டுப்போயிருக்கணுமே, ஒண்ணுமே தெரியலையே?” தெரியாது. தசை செத்ததன் அடையாளம் வெறுங்கண்ணுக்குத் தெரிய அரைநாளாவது ஆகும். நுண்நோக்கிக்குக்கூடச் சில மணி நேரம் வேண்டும். இந்த மனிதருக்கு அவ்வளவு நேரம் கிடைக்கவில்லை. அடைப்பால் தூண்டப்பட்டு இதயத்தின் மின்னோட்டம் தாறுமாறாகி, கீழறைகள் சுருங்கி விரிவதை விட்டுவிட்டு வெறுமனே துடிதுடிக்கின்றன. ரத்தம் மூளைக்குப் போவது அந்த நொடியே நின்றுவிடும். அந்தத் துடிதுடிப்பு உடலில் எந்தத் தடயத்தையும் விட்டுவைப்பதில்லை. நாங்கள் பார்ப்பது துப்பாக்கியை, சுட்டதை அல்ல.

இதனால்தான் ‘மாரடைப்பு’ என்ற ஒற்றைச் சொல்லை நம்பிக் கணக்குப் போட்டால் கணக்கு எங்கோ போய்விடுகிறது. நம்மிடம் மட்டுமல்ல, எல்லா இடத்திலும். அமெரிக்காவில் ஆரிகன் மாநிலத்தின் மல்ட்னோமா மாவட்டத்தில், போர்ட்லண்ட் நகரம் இருக்கும் இடத்தில், சுமீத் சுக் என்ற இதய மருத்துவரும் அவர் குழுவும் ஒரு வேலை செய்தார்கள். ஆம்புலன்ஸ்காரர்கள், மருத்துவமனைகள், மரண விசாரணை அலுவலகம் என்று எல்லா இடத்திலிருந்தும் ஒவ்வொரு திடீர் மரணத்தையும் நடந்தபோதே சேகரித்தார்கள். ஆண்டுக்கு ஒரு லட்சம் பேருக்கு 53 என்று வந்தது. அதே மக்களுக்கு, அதே காலத்துக்கு, இறப்புச் சான்றிதழ்களை மட்டும் வைத்து எண்ணியபோது 153. ஏறத்தாழ மூன்று மடங்கு. காரணம் தெரியாத முதியவர் இறந்தால் இதயம் என்று எழுதிவிடுவது அங்கேயும் வழக்கம். 2004-இல் அந்தக் கட்டுரை வந்தபோது எங்கள் துறை நூலகத்தில் உட்கார்ந்து இரண்டு முறை படித்தேன். பிறகு 2018-இல் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து சியான் செங் குழுவினரின் ஆய்வு வந்தது. இலக்கணப்படி ‘திடீர் இதய மரணம்’ என்று சேர்க்கப்பட்ட ஐந்நூற்றுச் சொச்சம் பேரை முழுமையாகப் பிரேதப் பரிசோதனை செய்தார்கள். இதயத்தின் தாளக் கோளாறு என்று உறுதியானது ஏறத்தாழ 56 சதவீதம் மட்டுமே. மற்றவர்களில் போதைப்பொருள் அளவு மீறியவர்கள் இருந்தார்கள், மூளையில் ரத்தக்கசிவு இருந்தது, நுரையீரலுக்குப் போகும் குழாயில் கட்டி அடைத்திருந்தது.

இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு திடீர் இதய மரணம் மிகைப்படுத்தப்படுகிறது என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். முதியவர்களின் சான்றிதழில் அது தேவையில்லாமல் எழுதப்படுகிறது. நாற்பதிலும் ஐம்பதிலும் போகிறவர்களிடம் அது எழுதப்படாமலே போகிறது, அல்லது எழுதியும் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. நம் நாட்டில் பதிவாகும் மரணங்களில் மருத்துவர் காரணம் எழுதிச் சான்றளிப்பது கால்வாசிகூட இல்லை. இப்படிப்பட்ட இடத்தில் உண்மையை அறிய ஒரே வழி வீடு வீடாகப் போவதுதான். ஆந்திராவில் கோதாவரிப் பகுதியில் அதைச் செய்தார்கள். 45 கிராமங்கள், சுமார் 1,80,000 மக்கள். யார் இறந்தாலும் அந்த வீட்டுக்குப் போய், கடைசி ஒரு மணி நேரம் என்ன நடந்தது, முந்தின நாள் எப்படி இருந்தார், எங்கே வலித்தது என்று உட்கார்ந்து கேட்டு எழுதினார்கள். மொத்த மரணங்களில் பத்தில் ஒன்று திடீர் இதய மரணம் என்று தெரியவந்தது. இறந்தவர்கள் மேலை நாட்டவரைவிட ஐந்து முதல் எட்டு வயது இளையவர்கள். கணினிக் கம்பெனிக்காரர்களின் வியாதி, நகரத்து வியாதி என்று சொல்லிக்கொண்டிருந்தவர்களுக்கு நெல்வயல் நடுவிலிருந்து வந்த பதில் அது.

அந்தப் பத்தில் ஒன்றை நம் மாநிலத்துக்குப் பொருத்திப் பார்ப்பது என் வழக்கம். தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஐந்து லட்சம் பேர் இறக்கிறார்கள் என்று குறைத்தே வைத்துக்கொண்டாலும் ஐம்பதாயிரம் வருகிறது. சாலை விபத்தில் இறப்பவர்கள் ஆண்டுக்குப் பதினேழு, பதினெட்டு ஆயிரம். விபத்துக்கு ஹெல்மெட் சட்டம் இருக்கிறது, வேகத்தடை இருக்கிறது, விபத்து நடக்கும் இடம் என்று பலகை இருக்கிறது, ஒவ்வொரு உடலுக்கும் எஃப்.ஐ.ஆர். இருக்கிறது. ஒவ்வொன்றும் தேவைதான். அதில் செத்தவர்களின் உடைந்த எலும்புகளை நானே எண்ணியிருக்கிறேன். ஆனால் அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் இருக்கக்கூடிய ஒரு சாவுக்கு நம்மிடம் ஒழுங்கான ஒரு பதிவேடு இல்லை என்பது என்னால் இன்றும் சகித்துக்கொள்ள முடியாத விஷயம்.

இனி மனைவிமார் சொன்னதைச் சொல்ல வேண்டும். பிரேதப் பரிசோதனைக்கு முன் குடும்பத்தாரிடம் பேசுவதைச் சிலர் ஏட்டிடமே விட்டுவிடுவார்கள். நான் விடமாட்டேன். பிணவறைக்கு வெளியே வேப்பமரத்தடியில் பெண்கள் உட்கார்ந்திருப்பார்கள். கூட்டத்தில் கேட்டால் “நல்லாத்தான் இருந்தாரு” என்ற ஒரு பதில்தான் வரும். மனைவியைத் தனியாக அழைத்து, பக்கத்தில் உட்கார்ந்து, “கடைசியா எப்போம்மா ஏதாவது சொன்னாரு?” என்று கேட்டால் மெல்ல வரும். “ஒரு வாரமாவே மாடி ஏறினா மூச்சு வாங்குதுன்னாரு டாக்டரம்மா. வாயுன்னு நெனச்சோம்.” “நேத்து ராத்திரி நெஞ்சைப் பிசையுதுன்னு சோடா வாங்கிட்டு வரச் சொன்னாரு.” “தோள்பட்டை குடைச்சல்னு தைலம் தேச்சுவிட்டேன்.” எத்தனை பேர் வாயில் இந்த ‘வாயு’வைக் கேட்டிருப்பேன்! ஓமத்தண்ணீர், சோடா, ஜெலுசில், பெருங்காயம். ஒரு கட்டடத் தொழிலாளியின் மனைவி, இரவு பக்கத்து கிளினிக்குக்குக் கூட்டிப்போய் வாயு ஊசி போட்டுக்கொண்டு வந்ததையும், அங்கே ஈ.சி.ஜி. எடுக்காததையும் சொன்னார். காலை ஏழு மணிக்குச் சட்டை மாட்டும்போது அவர் விழுந்தார்.

போர்ட்லண்ட் குழுவே பின்னால், 2016-இல், இதையும் எண்ணிச் சொன்னது. முப்பத்தைந்திலிருந்து அறுபத்தைந்து வயதுக்குள் திடீரென இதயம் நின்றவர்களில் பாதிப் பேருக்கு முந்தைய நான்கு வாரத்துக்குள் நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் போன்ற அறிகுறி ஏதாவது வந்திருக்கிறது. அப்படி வந்தவர்களில் பெரும்பாலோருக்குக் கடைசி 24 மணி நேரத்தில் மறுபடியும் வந்திருக்கிறது. உதவிக்கு ஆம்புலன்ஸை அழைத்தவர்கள் ஐந்தில் ஒருவர்கூட இல்லை. அழைத்தவர்கள் பிழைத்த விகிதம் மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம். ‘திடீர்’ என்று நாம் சொல்லும் சாவில் பாதி அவ்வளவு திடீர் இல்லை என்பது வேப்பமரத்தடியில் எனக்குத் தெரிந்த செய்திதான். எண்ணாக அச்சில் பார்த்தபோது, மாணவர்களுக்கு அதைக் கட்டாயப் பாடமாக்கினேன். விடியற்காலையிலிருந்து நண்பகல் வரை இந்த மரணங்கள் கூடுதல் என்பதும் அப்படித்தான். எங்களுக்கு அது பத்து மணிக்கு மேல் வரும் போலீஸ் கடிதங்களின் வரிசையில் தெரியும்.

இளைஞர்கள் கதை வேறு. முப்பத்தைந்து வயதுக்குக் கீழே இது அபூர்வம். ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் கவனமாக எண்ணிப் பார்த்தபோது ஆண்டுக்கு ஒரு லட்சம் பேருக்கு 1.3 வந்தது. அபூர்வம் என்பதால்தான் ஒவ்வொன்றும் எனக்கு நினைவிருக்கிறது. கிராமத்துக் கபடிப் போட்டியில் ரெய்டு போய்த் திரும்பி, கோட்டைத் தொட்டு, அப்படியே உட்கார்ந்தவன் ஒருவன். பத்தொன்பது வயது. “பய காளை மாதிரி இருந்தான் டாக்டரம்மா” என்று தகப்பன் சொல்லிக்கொண்டே இருந்தார். எதிரணிக்காரன் நெஞ்சில் உதைத்துவிட்டான் என்று ஊரில் இரண்டு தெருவும் கம்போடு நின்றன. நெஞ்சில் காயம் இல்லை. இதயம் ஐந்நூறு கிராமுக்குப் பக்கம் இருந்தது. இரண்டு கீழறைகளுக்கும் நடுவிலுள்ள சுவர் ஒன்றரை சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டியது, இரண்டு சென்டிமீட்டரைத் தாண்டி விறைப்பாக நின்றது. நோயியல் துறையில் நுண்நோக்கியில் பார்த்தபோது தசைநார்கள் வரிசையில்லாமல் குறுக்கும் நெடுக்குமாகக் கிடந்தன. பரம்பரையாக வரும் தசைத்தடிப்பு நோய் அது. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைகளில் ஒவ்வொருவருக்கும் வர பாதிக்குப் பாதி வாய்ப்பு.

அறிக்கையை இன்ஸ்பெக்டரிடம் கொடுத்ததோடு சட்டப்படி என் வேலை முடிந்தது. ஆனால் அவனுக்கு ஒரு தம்பி இருந்தான், அவனும் கபடி ஆடினான். பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் தகப்பனாரை வரச்சொல்லி, சின்னவனை எக்கோ எடுத்துப் பார்க்கச் சொன்னேன். “ஒருத்தனைப் பறிகொடுத்துட்டு நிக்கிறோம், இன்னொருத்தனுக்கும் நோய்ங்கிறீங்களா?” என்று கோபமாக எழுந்து போய்விட்டார். தாயார்தான் ஒரு வாரம் கழித்து, யாருக்கும் சொல்லாமல், பையனைக் கூட்டிக்கொண்டு வந்தார். அவனுக்கும் சுவர் தடித்திருந்தது. ஆட்டம் நின்றது, மாத்திரை தொடங்கியது. அவனுக்கு இப்போது கல்யாணமாகிப் பிள்ளைகள் இருக்கிறார்கள். பிள்ளைகளையும் குறிப்பிட்ட இடைவெளியில் எக்கோ எடுக்கக் கூட்டிவருகிறார்கள்.

இன்னொரு குடும்பத்தில் எதுவுமே கிடைக்கவில்லை. பள்ளி விளையாட்டு விழாவில் ஓடிக்கொண்டிருந்த பெண் குழந்தை. இதயம் எடையிலும் அமைப்பிலும் அப்பழுக்கில்லாமல் இருந்தது, ரசாயன அறிக்கையும் ஒன்றுமில்லை என்றது. இளம் வயதுத் திடீர் மரணங்களில் பத்தில் நான்கு இப்படித்தான் முடியும் என்கிறது அந்த ஆஸ்திரேலிய ஆய்வு. ‘காரணம் கண்டறிய முடியவில்லை’ என்று எழுதுவதற்கு முன் தாயாரிடம் கேட்டேன், உங்கள் பக்கத்தில் யாராவது சின்ன வயதில் போயிருக்கிறார்களா என்று. “எந்தம்பி கெணத்துல குளிக்கப் போயி செத்தான். ஆனா அவனுக்கு நல்லா நீச்சல் தெரியும்.” நீச்சல் தெரிந்த பிள்ளை நீரில் மூழ்கிய கதை எந்தக் குடும்பத்தில் வந்தாலும் தடயவியல் மருத்துவர் காதைத் தீட்டிக்கொள்ள வேண்டும். தாயாருக்கு ஈ.சி.ஜி. எடுத்தோம். இதயம் ஒவ்வொரு துடிப்புக்குப் பிறகும் மின்னளவில் பழைய நிலைக்குத் திரும்ப எடுத்துக்கொள்ளும் நேரம், ‘க்யூடி’ என்று சொல்வது, அவருக்கு அளவுக்கு மேல் நீண்டிருந்தது. இத்தகைய இதயம் ஓடும்போதும் நீந்தும்போதும் தாளம் தவறும். வெட்டிப் பார்த்தால் தெரியாது, மின்னோட்டத்தில் மட்டுமே இருக்கும் நோய். அன்றிலிருந்து, இளம் வயதினர் உடல் வந்தால் கொஞ்சம் ரத்தத்தை மரபணுச் சோதனைக்காகத் தனியே எடுத்துக் குளிரில் வைக்கச் சொல்வேன். ஃபார்மலினில் போட்ட திசு அந்தச் சோதனைக்குச் சரிப்படாது.

2021-க்குப் பிறகு வேலையின் சூழலே மாறிவிட்டது. நடிகர் விவேக் கொரோனா தடுப்பூசி போட்டுக்கொண்ட மறுநாள் மயங்கி விழுந்து, அதற்கடுத்த நாள் ஏப்ரல் 17-இல் இறந்தார். அக்டோபரில் கன்னட நடிகர் புனித் ராஜ்குமார் 46 வயதில் போனார். உடற்பயிற்சிக் கூடத்திலும் கல்யாண வீட்டிலும் ஆள் விழும் காட்சிகள் எல்லார் கைபேசியிலும் வந்தன. ஒவ்வொரு குடும்பமும் என்னிடம் முதலில் கேட்டது, “ஊசியாலயா?” கேட்டவர்களை நான் அலட்சியம் செய்ததில்லை. பெற்ற பிள்ளையை இழந்தவருக்கு அந்தக் கேள்வி கேட்க உரிமை உண்டு. பதில் 2023-இல் வந்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், நாடெங்கும் 47 மருத்துவமனைகளின் வழியாக, 18 முதல் 45 வயது வரை திடீரென இறந்த 729 பேரை எடுத்து, அதே வயதும் ஊரும் கொண்ட உயிரோடிருப்பவர்களோடு ஒப்பிட்டது. தடுப்பூசி ஆபத்தைக் கூட்டவில்லை. கூட்டியவை: கொரோனாவுக்காக மருத்துவமனையில் கிடந்தது, குடும்பத்தில் முன்பே திடீர் மரணம் இருந்தது, இறப்பதற்கு இரண்டு நாளுக்குள் மிதமிஞ்சிக் குடித்தது, போதைப்பொருள், வழக்கத்துக்கு மீறிய கடும் உடலுழைப்பு. குடும்ப வரலாறு அந்தப் பட்டியலில் இருப்பதைக் கவனியுங்கள். வேப்பமரத்தடிக் கேள்வி அதுதான்.

என் காலத்தில் உடல்களிலேயே தெரிந்த மாற்றம் ஒன்று உண்டு. வேலைக்குச் சேர்ந்த புதிதில், திடீரென இறந்தவர்களின் விலா எலும்புகள் எல்லாம் முழுசாக இருக்கும். நெஞ்சில் யாரும் கை வைக்கவில்லை என்று அதற்கு அர்த்தம். தண்ணீர் தெளித்திருப்பார்கள், வாயில் சோடா ஊற்றியிருப்பார்கள், கையில் சாவிக்கொத்தைத் திணித்திருப்பார்கள். நாலு பேர் தூக்கி ஆட்டோவில் உட்காரவைத்துக் கொண்டுவந்திருப்பார்கள். 2008-இல் 108 ஆம்புலன்ஸ் வந்தது. அதன்பிறகு மெல்ல மெல்ல, மார்பெலும்பு ஓரமாக இரண்டு பக்கமும் விலா முறிந்த உடல்கள் வரத் தொடங்கின. ஆரம்பத்தில் அவை ஆம்புலன்ஸ் ஊழியரோ அவசரப் பிரிவு மருத்துவரோ அழுத்தியவை. சமீப ஆண்டுகளில் பொதுமக்கள் அழுத்தியவையும் வந்தன. எஸ்.ஐ.க்களுக்கு அது புதிது. “மேடம், ஆறு விலா ஒடிஞ்சிருக்குன்னு எழுதியிருக்கீங்க, அடிச்சிருக்காங்களா?” என்று கேட்பார்கள். இதயத்தை இயக்க அழுத்தியதால் நேர்ந்த முறிவு, தாக்குதல் இல்லை என்று தனி வரி எழுதுவேன்.

ஓய்வு பெறுவதற்குச் சில மாதங்களுக்கு முன் அப்படி ஓர் அறிக்கை. மளிகைக் கடைக்காரர், கடையிலேயே விழுந்தவர். கல்லூரியில் படிக்கும் மகன் என்.சி.சி. முகாமில் கற்றுக்கொண்டதை வைத்து நெஞ்சை அழுத்தியிருக்கிறான். அழுத்தும்போது ‘மளுக்’ என்று சத்தம் கேட்டிருக்கிறது. தான்தான் அப்பாவைக் கொன்றுவிட்டோம் என்று வேப்பமரத்தடியில் யாரோடும் பேசாமல் உட்கார்ந்திருந்தான். அவன் சித்தப்பா வந்து என்னிடம் சொன்னார். வெளியே போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

“தம்பி, சரியா அழுத்தினா ஒடியத்தான் செய்யும். அஞ்சு சென்டிமீட்டராவது உள்ளே போகணும், நிமிஷத்துக்கு நூறு தடவைக்கு மேல. விலா ஒடியாத அளவுக்கு மெதுவா அழுத்தினா மூளைக்கு ரத்தம் போகாது.”

“அப்ப ஏன் டாக்டர் பொழைக்கல?”

அவனிடம் மறைக்க ஒன்றுமில்லை. குழாய் முழுவதும் அடைத்திருந்ததைச் சொன்னேன். துடிதுடிக்கும் இதயத்தை ஒழுங்குக்குக் கொண்டுவருவது மின்அதிர்ச்சி மட்டுமே என்றும், அது தாமதமாகும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு நூற்றுக்கு ஏழு முதல் பத்து வரை குறையும் என்றும், யாராவது அழுத்திக்கொண்டே இருந்தால் அந்தக் குறைவு மெதுவாகும் என்றும் சொன்னேன். அவன் ஆம்புலன்ஸ் வரும்வரை விடாமல் அழுத்தியிருக்கிறான். அந்தக் கடைவீதியில் ஒரு வங்கி, இரண்டு கல்யாண மண்டபம், ஒரு பேருந்து நிலையம் இருக்கின்றன. மின்அதிர்ச்சி கொடுக்கும் பெட்டி ஒன்றிலும் இல்லை. அவன் அதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, பெட்டி என்ன விலை, யார் வாங்கிவைக்க வேண்டும் என்று விசாரித்தான். மாவட்ட நிர்வாகத்துக்கு எழுத வேண்டிய மனுவை இருவரும் சேர்ந்து எழுதினோம். வணிகர் சங்கத்தில் கையெழுத்து வாங்கி அவனே கொண்டுபோய்க் கொடுத்தான். பேருந்து நிலையத்துக்கு ஒன்று ஒதுக்குவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.